நஞ்சும் மருந்தாகும்: குடலிறக்கச் சத்திரசிகிச்சைக்கு முன் இடப்படும் தசைதளர்த்தும் ஊசி

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது எம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அதன் மறுபக்கத்தையும் எம் முன்னோர் அறிந்திருந்தனர். சேங்கொட்டையும் எட்டியும் நஞ்சுடையவை. ஆயினும் சித்த வைத்தியர்கள் அவற்றை முறைப்படி சுத்தி செய்து, அளவறிந்து மருந்திற் சேர்த்தனர். இக்கால மேலை வைத்தியமும் இதே வழியிற் சென்று, உலகிலுள்ள நஞ்சுகள் யாவற்றினும் கொடியவற்றுள் ஒன்றை மருந்தாக்கிக் கொண்டுள்ளது. வயிற்றுச் சுவரில் உண்டாகும் பெரிய குடலிறக்கங்களைச் சீர்செய்வதற்கு முன்னர் அந்த நஞ்சு எவ்வாறு பயன்படுகின்றது என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

தமிழ்ப் பாடசாலையின் ஆண்டுவிழா மலரில் இத்தகைய கட்டுரை எதற்கு என வாசகர்கள் வினவக்கூடும். காரணம் உண்டு. சென்ற ஆண்டு எமது மேல்வகுப்பு மாணவி ஒருத்தி, தன் அம்மம்மாவுக்கு வைத்தியசாலையிற் கொடுக்கப்பட்ட விளக்கப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, அதிலிருந்த சொல்லொன்றுக்குத் தமிழ் கேட்டாள். அகராதியைப் பார்த்து "நஞ்சு" என்று அவள் வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். "எனக்கு நஞ்சூசி வேண்டாம் பிள்ளை" என்று அம்மம்மா உறுதியாக மறுத்துவிட்டாராம். பிள்ளை சொன்ன சொல் சரியானதே. அந்தச் சொல்லோடு கூடப் போயிருக்க வேண்டிய விளக்கந்தான் போகவில்லை. பின்னர் அக்குடும்பத்தினர் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்து, வைத்தியரை மீண்டும் சந்தித்தனர். அந்த மூதாட்டி தம் ஐயங்களைத் தாமே கேட்டுத் தெளிந்து, தாமே முடிவெடுத்தார். நாம் வைத்தியரல்லர், ஊரில் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். ஆதலால் இங்கு சிகிச்சை கூற வரவில்லை. எம்மவர் வீடுகளில் இவ்விடயம் பேசப்படும்போது உதவக்கூடிய விளக்கத்தை மட்டுமே தருகின்றோம்.

வயிற்றுச் சுவரும் அதன் தசைகளும்

எமது வயிற்றறைக்கு முன்புறத்தில் எலும்பாலான காப்பு இல்லை. மேலே விலா எலும்புகளும் கீழே இடுப்பெலும்பும் உள. இடைப்பட்ட வெளியைத் தசைகளே மூடிக் காக்கின்றன. நடுவில், மார்பெலும்பின் அடியிலிருந்து இடுப்புவரை, இரு நேர்த்தசைகள் அருகருகே இறங்குகின்றன. அவற்றின் இருமருங்கும் மும்மூன்று தட்டையான தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. வெளியே வெளிச்சாய்தசை, அதனுள் உட்சாய்தசை, எல்லாவற்றுக்கும் உள்ளே குறுக்குத்தசை. ஒரு தசையின் இழைகள் செல்லும் திசையிலே மற்றொன்றன் இழைகள் செல்வதில்லை. பாய் முடைவோர் ஓலையைக் குறுக்கும் நெடுக்குமாக இடுவது போன்ற வலிய அமைப்பு இது.

இவ்விரு பக்கத்துத் தசைகளும் முன்புறத்தில் உறுதியான நார்ப்படலங்களாக மாறி, நேர்த்தசைகளைப் போர்த்துச் சென்று, நடுக்கோட்டில் ஒன்றோடொன்று பிணைகின்றன. வெண்ணிறமான அந்தப் பிணைப்பை வெண்கோடு என்பர். வயிற்றுச் சத்திரசிகிச்சைகள் பலவற்றில் வைத்தியர் கத்தி வைக்கும் இடம் பெரும்பாலும் இதுவே.

அவ்வாறு வெட்டித் தைத்த இடம் சிலருக்கு முழுவலிமையுடன் ஆறுவதில்லை. வயிற்றைத் திறந்து செய்யப்படும் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் வரையில் தழும்பினூடே குடலிறக்கம் தோன்றுவதாக வைத்திய நூல்கள் கூறுகின்றன. காயத்தில் கிருமி தொற்றுதல், உடற்பருமன், நீரிழிவு, புகைத்தல், ஓயாத இருமல் என்பன இதற்கு வழிவகுக்கும். தொடக்கத்தில் எலுமிச்சம்பழ அளவிலே தோன்றும் புடைப்பு, கவனியாது விடப்பட்டால் ஆண்டுகள் செல்லச் செல்லப் பெருக்கும். ஐரோப்பியக் குடலிறக்கச் சங்கம் 2009 இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, இடைவெளியின் அகலம் 10 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்டதாயின் அது மிகப் பெரிய வகையைச் சாரும்.

நடுவில் அறுந்த கயிறு

எமது ஊர்ப் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளிற் கயிறிழுத்தலைக் காணாதவர் இரார். இரு அணிகளும் சமவலிமையோடு இழுக்கும்போது நடுவிலுள்ள முடிச்சு அசையாது நிற்கும். கயிறு நடுவில் அறுந்தால் என்னவாகும்? இரு அணியினரும் தத்தம் பக்கமாகப் பின்வாங்கிச் செல்வர். வெண்கோடு பிரிந்த வயிற்றிலும் இதுவே நிகழ்கின்றது. பக்கத்துத் தசைகள் இயல்பாகவே பின்னோக்கி இழுப்பவை. அவற்றைத் தடுத்து நிறுத்திய முடிச்சு போய்விட்டமையால், அவை மெல்ல மெல்ல விலகுகின்றன. ஆண்டுக்கணக்கில் அவ்வாறே இருந்துவிட்ட தசை நீளங் குறைந்து, தடித்து, விறைப்படைகின்றது. பின்னர் எவ்வளவு இழுத்தாலும் அது பழைய இடத்துக்கு வர மறுக்கும்.

இதனோடு இன்னொரு சிக்கலும் சேர்கின்றது. வெளியே தள்ளிய குடல் அங்கேயே வாழப் பழகிவிட, உள்ளே வயிற்றறை சுருங்கிவிடுகின்றது. நெடுங்காலம் வெளியூரில் இருந்தவர் திரும்பி வரும்போது அவரது அறையில் வேறு பொருள்கள் நிறைந்திருப்பது போல, குடலுக்கு அதன் வீட்டிலேயே இடமில்லாமற் போய்விடுகின்றது.

இந்நிலையிற் சத்திரசிகிச்சை வைத்தியர் இரு பக்கத்தையும் வலிந்து இழுத்துத் தைப்பாராயின், மூன்று தீங்குகள் நேரலாம். முதலாவது, விறைத்த தசையின் இழுவையால் நூல் சதையை அறுத்துக்கொண்டு வெளிவரும். குடலிறக்கம் மீண்டும் தோன்றும். இரண்டாவது, திடீரென உள்ளே அடைக்கப்பட்ட குடல் பிரிமென்றகட்டை மேலே தள்ள, நோயாளி மூச்செடுக்க இடர்ப்படுவார். மூன்றாவது, வயிற்றறையில் அமுக்கம் மிகுவதாற் சிறுநீரகம் முதலிய உறுப்புகளுக்குச் செல்லும் குருதி குறையும். இது உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு.

இதனைத் தவிர்க்க வைத்தியர்கள் வெவ்வேறு வழிகளைக் கண்டனர். 1940களில் ஆர்ஜென்ரீனா நாட்டு வைத்தியர் கோஞி மொரேனோ, சத்திரசிகிச்சைக்கு முன்னர் வயிற்றறையினுள் நாள்தோறும் சிறிது சிறிதாகக் காற்றைச் செலுத்தி, அவ்வறையை விரிக்கும் முறையை எடுத்துரைத்தார். 1990 இல் ராமிரெஸ் என்னும் வைத்தியரும் அவர்தம் குழுவினரும், பக்கத் தசைப்படலத்தை நீளவாக்கில் வெட்டிப் பிரித்து, நேர்த்தசைகளை நடுவே நகர்த்தும் முறையை வெளியிட்டனர். அம்முறை இன்றும் பயன்படுகின்றது. ஆயினும், நன்றாக இருக்கும் தசைப்படலத்தை வெட்டவேண்டியுள்ளது. வெட்டு மிகுந்தாற் காயம் ஆறுவதிற் சிக்கலும் மிகும். வெட்டாமலே தசையைத் தளர்த்த இயலாதா என்னும் வினா அங்கே எழுந்தது.

நஞ்சு பிறந்த கதை

அவ்வினாவுக்கான விடை, எவரும் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வந்தது. ஜேர்மனியின் வூர்ட்டெம்பேர்க் பகுதியில் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கெட்டுப்போன இறைச்சிக் குழலை உண்டவர் பலர் தசை செயலிழந்து மாண்டனர். யூஸ்டினுஸ் கேர்னர் என்னும் வைத்தியர் இதனை ஆராய்ந்து 1817 முதல் 1822 வரை எழுதினார். அவர் கவிஞருமாவார். அந்நஞ்சைத் தம்மிடத்திலேயே சோதித்துப் பார்த்தார். இது நரம்பின் கட்டளை தசையை அடையாது தடுக்கின்றது எனக் கண்டதோடு, மிகச் சிறிய அளவில் இதனை மருந்தாகவும் பயன்படுத்தலாம் என அன்றே ஊகித்தார். இலத்தீனிற் குழலிறைச்சிக்குப் 'பொட்டுலஸ்' என்று பெயர். பொட்டுலினம் என்னும் பெயர் அதிலிருந்தே பிறந்தது.

1895 இல் பெல்ஜியத்தின் எல்செல் என்னும் ஊரில், இறுதிச்சடங்கொன்றில் வாத்தியம் வாசித்த குழுவினர் பதப்படுத்திய பன்றியிறைச்சியை உண்டு நோயுற்றனர், மூவர் இறந்தனர். வான் எர்மெங்கெம் என்னும் பேராசிரியர் அவ்விறைச்சியிலிருந்து, இந்நஞ்சை உண்டாக்கும் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். கேர்னரின் ஊகம் மெய்ப்படுவதற்கு மேலும் பல பதிற்றாண்டுகள் சென்றன. சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கண் வைத்தியர் அலன் ஸ்கொட், மாறுகண்ணைச் சீர்செய்ய இந்நஞ்சை ஊசிமூலம் கண்தசையில் இட்டு, அதன் பயனை 1980 இல் வெளியிட்டார். 1989 இறுதியில் அமெரிக்க அரசு இதற்கு மருந்தாக அனுமதி அளித்தது. முகச் சுருக்கத்தைப் போக்குவதற்கான அமெரிக்க அனுமதி 2002 இலேயே கிடைத்தது. போட்டொக்ஸ் என்றவுடன் நடிகைகளின் முகமே எம்மவர் நினைவுக்கு வருகின்றது. உண்மையில் அழகுக் கலைக்கு வருமுன்னரே அது கண்ணோய்க்கு மருந்தாகியிருந்தது.

மடை அடைபட்ட வாய்க்கால்

நரம்பின் முனையில் நுண்ணிய சிறுபைகள் உள. அவற்றினுள் அசற்றைல்கோலின் என்னும் பதார்த்தம் நிறைந்துள்ளது. மூளையிலிருந்து கட்டளை வந்ததும் இப்பைகள் நரம்புமுனையின் சுவரோடு ஒட்டித் திறந்து, உள்ளிருப்பதை வெளியே ஊற்றுகின்றன. அது தசையைத் தொட்டவுடன் தசை சுருங்குகின்றது. பைகள் சுவரோடு ஒட்டுவதற்குச் சில புரதங்கள் கொளுக்கிகள் போல உதவுகின்றன. பொட்டுலினம் நஞ்சின் 'ஏ' வகை நரம்புமுனையினுட் புகுந்து, அக்கொளுக்கிகளுள் ஒன்றை வெட்டிவிடுகின்றது. வாய்க்காலில் நீர் உண்டு, வயலும் உண்டு, இடையிலுள்ள மடை திறக்கவில்லை. கட்டளை கிடைக்காத தசை சுருங்க இயலாது தளர்ந்து கிடக்கும்.

இம்மடை என்றென்றும் அடைபட்டுப் போவதில்லை என்பதே இங்கு மிக முக்கியமானது. ஊசி இட்ட இரண்டு மூன்று நாட்களில் தளர்ச்சி தொடங்கும். இரண்டு வாரமளவில் நன்கு விளங்கும். ஏறத்தாழ மூன்று மாதத்தின் பின் படிப்படியாகக் குறையும். நரம்பு தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மீண்டும் கட்டளை அனுப்பத் தொடங்கும்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். இம்மருந்தை அலகு என்னும் அளவையால் அளப்பர். ஒரு தொகுதிச் சுண்டெலிகளிற் பாதியைக் கொல்லத்தக்க அளவே ஓர் அலகு. எழுபது கிலோகிராம் நிறையுள்ள மனிதருக்கு உயிராபத்தை விளைவிக்கும் அளவு 2500 முதல் 3000 அலகு வரை இருக்கலாம் எனக் கணித்துள்ளனர். வயிற்றுத் தசைகளுக்கு இடப்படும் போட்டொக்ஸ் மொத்தமாக 200 முதல் 300 அலகு வரையிலாகும். அதுவும் பல இடங்களிற் பிரித்து, தசையினுள்ளேயே இடப்படுகின்றது. ஒரு நிறுவனத்தின் அலகும் மற்றொரு நிறுவனத்தின் அலகும் சமமல்ல என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். வேறு பெயருடைய மருந்தில் எண் பெரிதாக இருப்பதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

வயிற்றுக்கு வந்த விதம்

மெக்சிக்கோவைச் சேர்ந்த இபாரா ஊர்த்தாதோவும் அவர்தம் குழுவினரும் 2009 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பெரிய வயிற்றுக் குடலிறக்கமுடைய 12 பேருக்குச் சத்திரசிகிச்சைக்கு ஏறத்தாழ நான்கு வாரம் முன்னதாகப் பக்கத் தசைகளில் இந்நஞ்சை இட்டனர். இடைவெளியின் குறுக்களவு சராசரியாக 5 சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருக்கக் கண்டனர். கயிறிழுக்கும் இரு அணியினரும் பிடியைத் தளர்த்தி நடுக்கோட்டை நோக்கி வரத் தொடங்கினர் எனலாம்.

அதன்பின் பல நாடுகளில் இம்முறை பரவியது. நாம் வாழும் சிட்னி நகரத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர்களும் 2010களில் இதனை ஆராய்ந்து, தம் அனுபவங்களை வெளியிட்டுள்ளனர். ஊசியோடு, முன்னர்க் கூறிய காற்றுச் செலுத்தும் முறையையும் இணைத்து அவர்கள் பயன்படுத்தினர். ஊசி தசையை நீட்டுகின்றது. காற்று அறையை விரிக்கின்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

ஊசி இடும் நாள்

நோயாளியைப் படுக்கவைத்து, மீயொலிக் கருவியை வயிற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, மூன்று தசைகளும் திரையில் மூன்று பட்டிகளாகத் தெரியும். விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே, பொதுவாக ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று இடங்களைக் குறிப்பர். மெல்லிய ஊசி ஒவ்வோர் இடத்திலும் தசைப்படைகளினூடே சென்று, படைக்குப் படை சிறிதளவு மருந்தை இடும். உள்ளேயுள்ள குறுக்குத்தசை முதுகின் உறுதிக்கும் துணைபுரிவதால், அதனை விடுத்து வெளிப்புறத்து இரண்டில் மட்டும் இடுவோரும் உளர். வழக்கமாக மயக்கமருந்து தேவைப்படுவதில்லை. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம்.

அதன்பின் வரும் வாரங்கள் வெறுமனே காத்திருக்கும் வாரங்களல்ல. புகைப்பவர் அதனை நிறுத்தவும், நீரிழிவுடையோர் சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும், பருமனுடையோர் நிறையைக் குறைக்கவும் வேண்டிய காலம் இதுவே. மருந்தினால் தளர்ந்த தசை எவ்வளவு நீண்டுள்ளது என்பதை மீண்டும் ஸ்கான் எடுத்துப் பார்த்த பின்னர், பெரும்பாலும் நான்காம் வாரமளவிற் சத்திரசிகிச்சை நடைபெறும். பிரிந்த பக்கங்களை நடுவே கொணர்ந்து தைத்து, வலிமைக்காக வலையொன்றையும் வைப்பர்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சத்திரசிகிச்சை முடிந்த பின்னும் சில வாரங்கள் தசை தளர்ந்தே இருப்பதால், தைத்த இடத்தின்மீது இழுவை குறைவு. காயம் ஆறி உறுதிபெற்று வரும் வேளையிலே தசையும் மெல்ல விழித்தெழுகின்றது.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

இம்முறையை மந்திரம் போலப் புகழ்வது தவறு. ஊசி குடலிறக்கத்தைக் குணப்படுத்துவதில்லை. சத்திரசிகிச்சைக்கு வழியமைத்துக் கொடுப்பதே அதன் பணி. சிறிய குடலிறக்கத்துக்கு இது வேண்டியதில்லை. பெரும்பாலான நாடுகளில் இம்மருந்து இந்நோக்கத்துக்கெனப் பதிவுசெய்யப்படவில்லை. நிபுணர் தம் அனுபவத்தின் பேரிற் பயன்படுத்துகின்றார். யாருக்கு இது மெய்யாகவே தேவை என்பதில் வைத்தியரிடையே இன்னும் ஒருமித்த கருத்தில்லை.

தசை தளர்ந்திருக்கும் காலத்தில் வலுவாக இருமவோ தும்மவோ இயலாமை, வயிறு உப்பியது போன்ற உணர்வு, முதுகுநோ ஆகியன ஏற்படலாம். வயிற்றுப்பட்டி அணிவது சிலருக்கு ஆறுதல் தரும். நரம்புதசை நோயுடையோர், கருவுற்றோர், ஊசி இடவேண்டிய இடத்திற் கிருமித்தொற்று உள்ளோர் ஆகியோருக்கு இது ஏற்றதன்று. நுரையீரல் நோயுடையோர் அதனை முன்னரே தெரிவிக்கவேண்டும். ஊசி இட்டபின் விழுங்கவோ பேசவோ மூச்செடுக்கவோ சிரமம் தோன்றினாலும், பார்வை இரண்டாகத் தெரிந்தாலும், தாமதியாது அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவேண்டும்.

அதனினும் முக்கியமானதொன்று. குடலிறக்கப் புடைப்பு திடீரெனக் கடினமாகி, வலி மிகுந்து, உள்ளே தள்ள முடியாமற்போய், வாந்தியும் ஏற்படுமாயின், குடல் நெரிபடுகின்றது என்று பொருள். அப்போது ஊசிக்காகவோ முன்பதிவுக்காகவோ காத்திருத்தல் ஆகாது.

கேட்கவேண்டிய கேள்விகள்

எம்மவர் பலர் வைத்தியரிடம் கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவாகக் கருதுகின்றனர். இந்நாட்டிற் கேள்வி கேட்பது நோயாளியின் உரிமை. பின்வருவனவற்றையேனும் எழுதிக்கொண்டு செல்லுதல் நன்று.

1. எனது குடலிறக்கத்தின் அகலம் எவ்வளவு? ஊசி இல்லாமல் அதனை மூட இயலாதா?
2. எந்த மருந்து, எத்தனை அலகு, எத்தனை இடங்களில் இடப்படும்?
3. ஊசிக்கும் சத்திரசிகிச்சைக்கும் இடையே எத்தனை வாரம்? அக்காலத்தில் நான் செய்யவேண்டியது யாது?
4. எனக்குள்ள வேறு நோய்களும் நான் உட்கொள்ளும் மருந்துகளும் இதற்குத் தடையாகுமா?
5. ஊசிக்கான செலவை யார் ஏற்பர்?

மொழிபெயர்ப்பைப் பற்றியும் கூறவேண்டும். அவுஸ்திரேலியாவின் பொது வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளர் சேவை இலவசமாகக் கிடைக்கின்றது. முன்கூட்டியே கேட்டாற் போதும். பதினான்கு வயதுப் பிள்ளையின் தோளில் அம்மம்மாவின் உயிர் பற்றிய பேச்சை ஏற்றிவைத்தல் முறையன்று. பிள்ளைக்கு வீட்டுத் தமிழ் தெரியும். வைத்தியத் தமிழ் தெரியாது. தெரியாத சொல்லொன்றை அது தவறாகச் சொல்லிவிட்டாற் பின்னாளில் அதன் மனமே அதனை வருத்தும். பிள்ளைகள் உடன் செல்லட்டும். கையைப் பிடித்துக்கொண்டு அருகில் அமரட்டும். சொல்லைப் பெயர்க்கும் பொறுப்பு பயிற்சி பெற்றவரிடம் இருக்கட்டும்.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், மருத்துவத்தை நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நான்கு கூறுகளாக வகுத்துள்ளார். புலம்பெயர்ந்த நாடுகளில் முதல் மூன்றுக்கும் எம்மவருக்குப் பெருங்குறையில்லை. நான்காமவராக நிற்கவேண்டியவர்கள் நாமும் எம் பிள்ளைகளுமே. வார இறுதியில் இங்கு வந்து தமிழ் கற்கும் மாணவச் செல்வங்கள், பேச்சுப் போட்டிக்கும் கலைவிழாவுக்கும் மட்டுமன்றி, வீட்டு முதியோரின் அச்சத்தைக் கேட்டறிந்து ஆறுதல் கூறவும் அத்தமிழைப் பயன்படுத்துவார்களாக. அவர்களுள் நாளை வைத்தியராக வருவோர், இத்தகைய நோயாளிகளுக்குத் தாமே தமிழில் விளக்கந் தருவார்கள் என நம்புகின்றோம்.